எல்லா ஊரிலும் நிற்கும் வண்டி

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

‘நம் வட்டாரத்து இருப்புப்பாதை’ என்னும் பொருளில் பேச வேண்டும் என்று செயலாளர் பணித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆலங்காயத்துக்கு ஏது புகைவண்டி நிலையம்? தண்டவாளத்தைக் கண்ணால் காண வேண்டுமானால் நிம்மியம்பட்டைக் கடந்து வாணியம்பாடி வரை பேருந்தில் போக வேண்டும். மலையடிவாரத்துக்காரனைக் கடலைப் பற்றிப் பேசச் சொல்கிறீர்களே, வேறு பொருள் தாருங்கள் என்றேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. வட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பேடுகள் மூன்றையும் என் கையில் கொடுத்து, “இவற்றைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்” என்று போய்விட்டார்.

படித்தேன். மாதந்தோறும் நம் கூட்டம் மாலை 5 மணிக்கு என்றுதான் அழைப்பு அனுப்புகிறோம். தொடங்கிய நேரமாகக் குறிப்பேட்டில் இருப்பதோ 5.25, 5.50, ஒரு மழைக்காலத்தில் 6.20. பக்கத்திலேயே பென்சிலால் ‘வண்டி தாமதம்’ என்று இரண்டே சொற்கள். இன்னோரிடத்தில் ‘வெளியூர் அன்பர்கள் மூவர் வரும்வரை காத்திருந்து’ என்று இருக்கிறது. தொடங்கும் நேரம் இப்படி அலைந்தாலும் முடியும் நேரம் அசையவே இல்லை. எவ்வளவு சூடான விவாதமானாலும் 7.15க்குள் நன்றியுரை. மரபா புதுக்கவிதையா என்று கைகலப்பு வரைக்கும் போன அந்தக் கூட்டமும் 7.15க்கு முடிந்திருக்கிறது. அந்தப் பேருந்தைப் பிடித்தால்தான் வாணியம்பாடியில் இரவு வண்டி கிடைக்கும் என்பதே காரணம். நிலையமே இல்லாத ஊரில் கூடும் ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளாக ஒரு நிலையத்தின் கடிகாரத்தைப் பார்த்துத்தான் நடந்து வந்திருக்கிறது. இதை அறிந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒப்புக்கொண்டேன்.

அதே குறிப்பேட்டில் 2020 மார்ச்சுக்குப் பிறகு பல பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. அந்த வெற்றுப் பக்கங்களுக்குப் பிறகு வருகைப் பட்டியலில் ஒரு பெயர் நெடுநாள் காணப்படவில்லை. அதைப் பற்றிப் பேசுவதற்காகவே இந்தப் பொருளை ஏற்றேன் என்றுகூடச் சொல்லலாம். அதற்கு முன் பாதையின் கதையைச் சற்றுப் பார்ப்போம்.

புகைவண்டி என்று சொல்கிறேன். புகை போய் நெடுங்காலம் ஆயிற்று. தொடர்வண்டி என்று திருத்தி எழுதுகிறோம். பேசும்போது ரயில் என்கிறோம். என் பாட்டி நிலையத்தை ‘ரயிலடி’ என்பார். மரத்தடி, தேரடி என்பதுபோல ரயிலடி. தேர் ஆண்டுக்கு ஒருமுறை நகரும். மற்ற நாளெல்லாம் அங்கேயே நிற்கும். ஆகவே தேரடி என்ற பெயர் இயல்பானது. வந்து ஒரு நிமிடம் நின்று ஓடிவிடும் ஒன்றுக்கு ‘அடி’ கொடுத்த மக்களின் நம்பிக்கையை என்னவென்பது! போனது திரும்பி வரும், நாளையும் இங்கேயே நிற்கும் என்று உறுதியாக இருந்தவர்களுக்குத்தான் அப்படி ஒரு சொல் வாயில் வரும். கவிஞர்கள் அந்தச் சொல்லைக் கைவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தென்னாட்டின் முதல் பயணி வண்டி 1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து புறப்பட்டு, இன்று வாலாஜா ரோடு என்று நாம் அழைக்கும் நிலையம் வரை வந்தது. சென்னை இரயில்வே கம்பெனியாரின் நோக்கம் வாலாஜாவோடு நிற்பதன்று. மேலைக் கடற்கரையைத் தொடுவது. 1862 இல் பாதை கோழிக்கோட்டுக்கு அருகிலுள்ள பேப்பூர் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளுக்குள்தான் குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் தண்டவாளத்தைக் கண்டன. 1864 இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளை பிரிந்தது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் ஊர்ப்பெருமைக்காக. சென்னை சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது 1873 இல். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே வாணியம்பாடி வழியாக வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் அண்ணாந்து பார்க்கும் அந்தச் செந்நிறக் கோபுரம் நம் பாதைக்குத் தம்பி.

ஒரு பக்கம் ஜவ்வாது மலை, மறு பக்கம் இன்று ஆந்திர எல்லையாக இருக்கும் மலைகள், நடுவே பாலாறு. கட்டியவர்கள் ஆறு வகுத்த வழியில் பாதையை விட்டார்கள். பாலாற்றுத் தண்ணீரை நம்பி வளர்ந்த தோல் பதனிடும் தொழிலுக்கு அது சென்னைத் துறைமுகத்துக்கு வழியாயிற்று. பின்னாளில் ஆறு என்ன ஆயிற்று என்பதை 1996 இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பாக எழுதியிருக்கிறது. நான் விரிக்க வேண்டியதில்லை. ஆனால் 2019 ஜூலையில் நடந்த ஒன்றை நம்மில் எவரும் போதுமான அளவு பாடவில்லை என்று எனக்குக் குறை உண்டு. சென்னையில் குடிநீர் இல்லாமல் போன அந்தக் கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில், ஒரு நடைக்கு 25 இலட்சம் லிட்டர் காவிரி நீர், வில்லிவாக்கத்துக்குப் போயிற்று. வறண்ட ஆற்றின் ஓரமாகவே அந்தத் தண்ணீர் ஓடியது, சக்கரத்தின் மேலே. முதல் வண்டிக்கு மாலை போட்டார்கள். குடத்தோடு பம்பு செட்டுக்கு நடக்கும் நம் ஊர்ப் பெண்கள் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள்.

அடுத்ததாக, நேரம். நம் மலைமேல் காவலூரில் வானாய்வகம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். 1986 இல் அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி திறக்கப்பட்டது. அந்த இடத்தைத் தேர்ந்து உருவாக்கிய வைணு பாப்பு அதைக் காணாமலே 1982 இல் மறைந்தார். அவர் பெயரையே ஆய்வகம் தாங்கியிருக்கிறது. அதற்கும் புகைவண்டிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். இந்திய ஊர்கள் ஒவ்வொன்றும் தன் தன் சூரியனைப் பார்த்து மணி வைத்துக்கொண்டிருந்த காலத்தில், வண்டிகள் ஒன்றோடொன்று மோதாமல் ஓட ஒரே நேரம் தேவைப்பட்டது. அப்போது இருப்புப்பாதைகள் எடுத்துக்கொண்டது ‘சென்னை நேரம்’. நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் விண்மீன்களைப் பார்த்துக் கணித்த நேரம். கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. 1870-களிலிருந்து, 1906 இல் இந்தியப் பொது நேரம் வரும்வரை, நாட்டின் பெரும்பாலான வண்டிகள் அந்தச் சென்னைக் கடிகாரத்துக்கே கட்டுப்பட்டன. அந்த வானாய்வகத்தின் பணி 1899 இல் கொடைக்கானலுக்கு மாறியது. அதன் வழிவந்த நிறுவனமே நம் காவலூரில் வானைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வண்டி வராத ஊர் நாம். வண்டிக்கு நேரம் சொன்ன குலத்தின் பேரப்பிள்ளை நம் தலைக்கு மேலே குடியிருக்கிறது. இந்த முரணில் ஒரு கவிதை இருக்கிறது. நான் கவிஞன் அல்லன், எடுத்துக்கொள்பவர் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாணியம்பாடி என்றவுடன் இந்த அவைக்கு வேறொரு நினைவும் வரும். 1919 இல் தொடங்கப்பட்ட இஸ்லாமியாக் கல்லூரியில் நெடுங்காலம் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் கவிக்கோ அப்துல் ரகுமான். 1974 இல் வெளிவந்த அவருடைய முதல் தொகுப்பின் பெயர் ‘பால்வீதி’. காவலூரில் இரவெல்லாம் தொலைநோக்கி பார்த்துக்கொண்டிருந்ததும் அந்தப் பால்வீதியைத்தான். 2017 இல் அவர் மறையும்வரை, வாணியம்பாடி என்றால் தமிழ்க் கவிஞர்களுக்குத் தோல் நினைவுக்கு வரவில்லை, அவர் நினைவுக்கு வந்தார். ஒரு நடைமேடையில் தமிழும் உருதுவும் தோளுரசி நிற்கும் நிலையம் அது. வண்டிக்குக் காத்திருந்த ஒரு முதியவர் தமக்குத் தாமே உருது ஈரடி ஒன்றை முணுமுணுக்க, பக்கத்தில் இருந்த கீரைக்காரம்மா “நல்லாத்தான் இருக்குது பாய், அர்த்தம் சொல்லு” என்று கேட்டதை நானே கண்டிருக்கிறேன். அவர் அர்த்தம் சொல்லத் தொடங்கியபோது வண்டி வந்துவிட்டது. இருவரும் ஒரே பெட்டியில் ஏறினார்கள்.

சென்னைக்குப் புறநகர் வண்டி என்று ஒன்று உண்டு. 1931 இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்வண்டி ஓடத் தொடங்கியது. மேற்கே அந்தப் புறநகர்ச் சேவை பின்னாளில் அரக்கோணம் வரை நீண்டது. வீடு வெளியே, வேலை உள்ளே. காலையில் உள்ளே, மாலையில் வெளியே. அதன் இலக்கணம் இவ்வளவே. நம் பாதைக்கு இந்த இலக்கணம் பொருந்தாது. காட்பாடியை விட்டால் லத்தேரி, காவனூர், குடியாத்தம், வளத்தூர், மேல்பட்டி, பச்சகுப்பம், ஆம்பூர், விண்ணமங்கலம், வாணியம்பாடி, கேத்தாண்டப்பட்டி, ஜோலார்பேட்டை. பள்ளிப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வதுபோல இதை மனப்பாடமாகச் சொல்லும் ஆயிரம் பேர் நம் பள்ளத்தாக்கில் உண்டு. இவற்றுள் எது நகரம், எது புறநகர்? ஆம்பூருக்குக் காலணித் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் ஒரு திசையில். வேலூர் மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் போகிறவர்கள் எதிர்த் திசையில். குடியாத்தத்துக்கு லுங்கி எடுக்கப் போகிறவர், ஜோலார்பேட்டைக்கு இரயில்வே வேலைக்குப் போகிறவர். நகரமே இல்லாத புறநகர் நம்முடையது. ஒவ்வோர் ஊரும் அடுத்த ஊருக்குப் புறநகர்.

நானும் சில ஆண்டுகள் வாணியம்பாடிக்கும் காட்பாடிக்கும் இடையே சீசன் டிக்கெட்டில் போய்வந்தவன். அந்த அட்டையின் கணக்கு அழகானது. நெடுங்காலம் மாதச் சீட்டுக்கு ஏறத்தாழப் பதினைந்து ஒருவழிப் பயணத்தின் கட்டணந்தான்; போய்வருவதோ ஐம்பது தடவை. 2014 இல் அதை முப்பது பயணக் கட்டணமாக ஆக்க முனைந்தபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து, கைவிடப்பட்டது. மூன்று மாதத்துக்கு எடுத்தால் மும்மடங்கு தர வேண்டியதில்லை; 2.7 மடங்கு. அந்தப் பத்தில் மூன்று பங்கு மிச்சத்துக்காக மூன்று மாதத் தொகையைத் திரட்ட வட்டிக்கு வாங்கியவர்களை அறிவேன். கணக்குப் பார்த்தால் நட்டம். அவர்களுக்கு அது கௌரவம். அந்த அட்டைக்கு 150 கிலோமீட்டர் என்று ஓர் எல்லையும் உண்டு. சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை ஏறத்தாழ 214 கிலோமீட்டர். விடியற்காலையில் ஜோலார்பேட்டையை விட்டுக் கிளம்பி அலுவலக வேளைக்குச் சென்னை சேர்ந்து, மாலையில் புறப்பட்டு இரவு திரும்பும் ஏலகிரி விரைவு வண்டி நம்மவர்க்கென்றே வாய்த்தது. ஆனால் வாணியம்பாடிக்காரருக்குச் சென்னை வரை சீசன் கிடையாது. இருந்தும் போகிறார்கள். ஒரு போக்குக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல். அவர்கள் பிள்ளைகளைத் தூங்கும் முகமாக மட்டுமே அறிந்தவர்கள்.

அந்த வண்டிகளில் ஒரு மணம் உண்டு. தோல் கிடங்கில் வேலை முடித்து ஏறுகிறவரின் உடம்போடு வரும் மணம். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. என்னுடன் வந்த ஒருவர் இருக்கை காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். ஆம்பூரிலிருந்து கதவோரமே நிற்பார். “காத்து வருது, இங்கதான் நல்லாயிருக்கு” என்பார். அவர் உட்கார்ந்த ஒரு நாள் பக்கத்தில் இருந்தவர் எழுந்து போனதை நான் பார்த்திருந்தேன். எழுந்தவர் மணத்துக்காக எழுந்தாரா, அந்த மணம் சொன்ன சாதிக்காக எழுந்தாரா என்று கேட்டால் அவருக்கே விடை தெரிந்திருக்காது. நான் அன்று என்ன செய்தேன்? செய்தித்தாளைப் படித்தேன். இந்த அவையில் அதைச் சொல்வதற்கு இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

1970-களில் பச்சைத் தோலை அப்படியே ஏற்றுமதி செய்வது தடுக்கப்பட்டு, முடித்த தோலும் பின்பு காலணியும் செய்யும் தொழில்கள் பெருகியபோது, பெண்கள் வேலைக்கு வந்தார்கள். ஆலங்காயத்து வீதிகளில் விடியற்காலையில் கம்பெனிப் பேருந்துக்குக் கும்பலாக நிற்கும் பெண்களைப் பார்க்கிறோமே, அவர்களின் அம்மாக்கள் காட்டைத் தாண்டிப் போகாதவர்கள். பேருந்தில் இடம் கிடைக்காதவர்களும், பேருந்து போகாத ஊர்க்காரர்களும் வண்டியை நம்பினார்கள். எல்லா ஊரிலும் நிற்கும் அந்தச் சாதாரண வண்டியை.

அந்த வண்டியின் மரியாதை என்ன என்பது தினமும் ஏறுகிறவர்களுக்குத் தெரியும். பின்னால் விரைவு வண்டி வருகிறதென்றால் இதை லூப் பாதையில் ஒதுக்கிவிடுவார்கள். ஐந்து நிமிடம் என்பார்கள், இருபது ஆகும். ஒரு வண்டி போனபின் இன்னொன்றுக்கும் சேர்த்து நிறுத்துவார்கள். 2022 நவம்பரில் சென்னையிலிருந்து மைசூருக்கு ‘வந்தே பாரத்’ ஓடத் தொடங்கியது. நம் பள்ளத்தாக்கில் அதற்குக் காட்பாடியில் மட்டும் நிறுத்தம். மற்ற ஊர்களில் அது ஒரு வெள்ளைக் கோடு. பார்த்து முடிப்பதற்குள் இல்லை. விரைவு வேண்டாம் என்று சொல்ல நான் யார்? நோயாளியும் அதில் போகிறார். ஆனால் யாரை நிறுத்தி யாரை விடுவது என்று சமிக்ஞைக் கம்பம் தீர்மானிக்கும் அந்த நொடியில், எந்த ஊர் கணக்கில் உண்டு, எது இல்லை என்பதும் தீர்மானமாகிறது.

கவிஞர்கள் நிறைந்த அவையில் கவிதைக்கு வராமல் இருக்கக் கூடாது. புகைவண்டி தமிழுக்குள் வந்தது நேற்றன்று. முச்சந்தியில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற சிந்து நூல்கள் அதைப் பாடின. பாரதி ‘ரயில்வே ஸ்தானம்’ என்று ஒரு கதையே எழுதினார். இன்றுவரை நம் கவிதையில் வண்டி பெரும்பாலும் எதற்கு வருகிறது? பிரிவுக்கு வருகிறது. கையசைப்பு, ஈரக் கண், நகரும் சன்னல், தேயும் விளக்கு. அதாவது நாம் அதைப் பாலைத் திணையில் வைத்துவிட்டோம். பொருள்வயிற் பிரிவுக்குக் குதிரையும் தேரும் போய் வண்டி வந்தது, அவ்வளவுதான். வட்டத்தில் இந்தப் பத்தாண்டில் வாசிக்கப்பட்ட வண்டிக் கவிதைகள் பதினொன்றைக் குறிப்பேட்டிலிருந்து எண்ணினேன். பதினொன்றிலும் யாரோ ஒருவர் போகிறார். ஒன்றில்கூட யாரும் வரவில்லை.

நாள்தோறும் போய்வருகிறவனின் வண்டி பாலை ஆகாது என்பது என் எண்ணம். அது முல்லை. தொல்காப்பியம் முல்லைக்கு வகுத்த சிறுபொழுது மாலை, உரிப்பொருள் இருத்தல். விளக்கேற்றும் வேளையில் வாசலைப் பார்த்துக்கொண்டிருத்தல். கம்பெனியிலிருந்து மகள் திரும்பும்வரை அடுப்பில் சோற்றை இறக்காமல் இருக்கிற தாய், பேருந்து நிறுத்தத்தில் மிதிவண்டியோடு நிற்கும் தகப்பன், தூங்காமல் விழித்திருக்கப் போராடித் தோற்கும் குழந்தை. இவர்களெல்லாம் முல்லை மாந்தர். ஒரு வேறுபாடு உண்டு. சங்கத் தலைவன் திரும்பும்போது பாகனைப் பார்த்துத் தேரை விரைந்து விடச் சொல்வான். கேத்தாண்டப்பட்டி லூப்பில் நிற்கிறவன் யாரிடம் சொல்வான்? இன்றைய முல்லையில் தலைவனும் இருக்கிறான், தலைவியும் இருக்கிறாள், பாகன் மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை. இன்னொன்று: அங்கே இருப்பது தலைவி, வருவது தலைவன். நம் ஊரில் வருவது பெண். இருந்து காத்திருப்பது ஆண், அல்லது மாமியார். இந்த மாற்றத்தை முல்லைப் பாட்டாக யாரேனும் எழுதியிருக்கிறார்களா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

இனி வெற்றுப் பக்கங்களுக்கு வருகிறேன்.

2020 மார்ச்சில் நாட்டின் பயணி வண்டிகள் எல்லாம் நின்றன. 1856 முதல் ஓடிய பாதையில் சரக்கு வண்டி மட்டும் போயிற்று. நம் கூட்டமும் நின்றது. தொலைபேசித் திரையில் சில தடவை கூடினோம். குறிப்பேடு எழுதும் மனம் யாருக்கும் இல்லை. பிறகு வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. விரைவு வண்டிகள் முதலில், நின்று நின்று போகும் வண்டிகள் கடைசியில். அவை திரும்பியபோது ‘சாதாரண’ வண்டியாகத் திரும்பவில்லை. விரைவு வண்டிக் கட்டணத்தோடு திரும்பின. குறைந்த அளவு கட்டணம் பத்து ரூபாயாக இருந்தது முப்பது ஆயிற்று. அதே பெட்டி, அதே வேகம், அதே லூப். 2024 பிப்ரவரியில்தான் அது மீண்டும் பத்து ரூபாய் ஆயிற்று.

நம் வட்டத்தில் தொடக்க நாள் முதல் வந்துகொண்டிருந்த ஒருவர், ஆம்பூருக்கு அப்பால் ஒரு சிறு நிலையத்து ஊர்க்காரர், தறி நெய்பவர். அவருடைய ஊரில் விரைவு வண்டி எதுவும் நிற்காது. கூட்டங்கள் மீண்டும் தொடங்கியபின் அவர் வரவில்லை. கேட்டபோது கண் சரியில்லை என்றார். அடுத்த மாதம் முதுகுவலி என்றார். பிறகு நாம் கேட்பதை விட்டுவிட்டோம். அழைப்பிதழ் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அந்த நாட்களில் நம் வட்டம் வறுமையைப் பற்றி ஒரு கவியரங்கமே நடத்தியது. தலைப்பு நான் கொடுத்தது. அரங்கம் சிறப்பாக நடந்தது என்று குறிப்பேடு சொல்கிறது, பாடியவர்கள் எண்மர்.

2024 ஏப்ரல் கூட்டத்தில் அவர் வந்து உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். கண்ணாடி எதுவும் போட்டிருக்கவில்லை. “கண் எப்படி இருக்கிறது?” என்றேன். “கண்ணுக்கு என்ன? நல்லாத்தான் இருக்குது” என்றவர், தாம் முன்பு சொன்னது நினைவுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டார். சிறிது நேரம் கழித்து அவரே சொன்னார்: போக இருபது, வர இருபது கூடுதல், பேருந்து வேறு. மாதத்துக்கு ஒரு தடவைதானே என்று நான் சொல்லிவிடக் கூடாது என்றோ என்னவோ, அந்தக் காசில் வீட்டில் என்னென்ன வாங்கலாம் என்று விரல் விட்டு எண்ணினார். எண்ணெய், சர்க்கரை, பேத்திக்கு நோட்டு. நாற்பது ரூபாய். ஒரு கவிஞரை நான்காண்டுக்காலம் நம்மிடமிருந்து பிரித்து வைத்தது நாற்பது ரூபாய். நம்மில் எவரேனும் ஒருவர் ஒருமுறை அவருடைய ஊர் நிலையத்தில் இறங்கியிருந்தால் தெரிந்திருக்கும். நாம் இறங்கவில்லை. அந்த வண்டி நின்றது, நாம் நிற்கவில்லை.

இதைச் சொல்லலாமா என்று அவரிடம் அனுமதி கேட்டேன். பெயர் வேண்டாம் என்றார். அந்த நான்காண்டில் எழுதினீர்களா என்றும் கேட்டேன். தறியில் உட்கார்ந்தபடி மனத்தில் கட்டியவை என்று ஏழு பாட்டுச் சொன்னார். மூன்றை நான் எழுதிக்கொண்டேன். மூன்றிலும் யாரோ வருகிறார்கள். மேலே நான் முல்லை என்று சொன்னது என் கண்டுபிடிப்பு அன்று. அந்த மூன்று பாட்டைக் கேட்டபின் வந்த எண்ணம். பன்னிரண்டாவது வண்டிக் கவிதை இன்று கவியரங்கில் பாடப்பட இருக்கிறது.

நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். பாடுகிறவர்கள் ஒன்பதின்மர், அவர் ஏழாவது. இப்போது மணி ஆறு இருபத்தைந்து. ஆளுக்கு ஏழு நிமிடம் என்று வைத்தாலும் அவர் பாடி முடிக்கும்போது 7.15 பேருந்து புறப்படும் நேரம் ஆகிவிடும். நம் கவிஞர்கள் ஏழு நிமிடத்தில் முடித்ததாகக் குறிப்பேட்டில் சான்றும் இல்லை. ஆகவே கவியரங்கத் தலைவரிடம் ஒரு வேண்டுகோள்: மூத்தவர் முதலில் என்னும் முறையை இன்று ஒருநாள் தள்ளி வைத்து, அவரை முதலில் அழையுங்கள். நான் இத்துடன் அமர்கிறேன்.